ஓநாயைக் காதலித்தால் குளிர்காலத்தில் என்ன செய்வாள்?

மேகி ஸ்டீஃப்வாட்டர் எழுதிய 'ஷிவர்' (2009) நாவலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு வெப்பநிலை அச்சாகியிருக்கும். அந்த அத்தியாயத்தைச் சொல்வது நாயகி கிரேஸா அவள் காதலன் சாமா என்று ஒரு பெயர், அதை ஒட்டி இத்தனை டிகிரி ஃபாரன்ஹீட் என்று ஓர் எண். முதல் சில பக்கங்களில் அதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். பிறகுதான் கதையின் நிபந்தனை தெரியவரும். மினசோட்டா மாநிலத்தில் மெர்சி ஃபால்ஸ் என்ற கற்பனை ஊர். அதை ஒட்டிய காட்டில் வாழும் ஓநாய் மனிதர்களுக்கும் பௌர்ணமிக்கும் சம்பந்தம் இல்லை. அவர்கள் குளிருக்கு உருமாறுகிறவர்கள். கோடையில் மனிதன், குளிர் ஏறினால் ஓநாய். வருடம் ஆக ஆக மனிதனாக இருக்கும் நாட்கள் சுருங்கிக்கொண்டே வரும். ஒரு வருடம் கோடை வந்தும் திரும்ப மாட்டான். சாமுக்கு இதுதான் கடைசி முறை. இது தெரிந்த பிறகு, தலைப்பில் அந்த எண் இறங்க இறங்க நமக்கு வயிற்றைப் பிசையும். கத்தியோடு எவனும் வரத் தேவையில்லை, யாரோ ஒருவர் கதவைச் சாத்த மறந்தாலே போதும்.

பதின்வயதினருக்கான ஃபேன்டஸி, பாராநார்மல் ரொமான்ஸ் (அமானுஷ்யக் காதல் கதை) இரண்டிலும் நான் தேடுவது இதைத்தான். காதலர்களுக்குக் குறுக்கே ஒரு நிபந்தனை நிற்கும். அது எவ்வளவு தெளிவாக, எவ்வளவு கறாராக இருக்கிறதோ அவ்வளவுதான் அந்தக் காதலுக்குக் கனம். நாயகனின் கண் நிறமும் தாடையின் கூர்மையும் நூறு புத்தகத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு புத்தகத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது நிபந்தனைதான். ஆசிரியர் அதை நடுவில் மறந்துவிட்டாலோ, கடைசியில் மனமிரங்கித் தளர்த்திவிட்டாலோ, அதுவரை நாம் பட்ட பதைப்பெல்லாம் வீணாகிவிடும்.

இனி வரும் பத்திகளில் பல நாவல்களின் முடிவை உடைத்துத்தான் பேசப் போகிறேன். ஸ்பாய்லர் வேண்டாதவர்கள் கடைசிப் பகுதியில் உள்ள வாசிப்பு வரிசைக்கு நேராகப் போய்விடலாம்.

முதலில் நன்றாகச் செய்தவர். ஹோலி பிளாக்கின் 'தி க்ரூயல் பிரின்ஸ்' (2018), 'தி விக்கெட் கிங்' (2019), 'தி குயின் ஆஃப் நத்திங்' (2019) மூன்றும் ஒரே கதை. ஃபேரி என்பது மேற்கத்திய நாட்டார் கதைகளில் வரும் மாய இனம். எல்ஃபேம் என்ற ஃபேரி அரசவையில் வளரும் மனிதப் பெண் ஜூட். அவளுடைய ஏழாவது வயதில் பெற்றோரைக் கண்ணெதிரே வெட்டிக் கொன்ற மேடாக்தான் அவளைத் தூக்கிப் போய் வளர்க்கிறான். ஃபேரிகளுக்குப் பொய் சொல்ல வராது, மனிதருக்கு வரும். அடிப்படை விதி இவ்வளவுதான். நம்மூரில் பேய்க்கு இரும்பு ஆகாது என்பார்களே, அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் வழக்கில் ஃபேரிக்கும் இரும்பு ஆகாது. உப்பும் ரோவன் மரத்துப் பழமும் அவர்களுடைய மாயத்தைத் தடுக்கும். பிளாக் இதையெல்லாம் அப்படியே எடுத்து ஜூட்டின் தினசரிப் பழக்கமாக்கிவிட்டார். சாப்பாட்டில் உப்பைத் தூவிக்கொள்கிறாள், ரோவன் பழத்தைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறாள், காலுறையை உட்புறம் வெளியே வரத் திருப்பி மாட்டுகிறாள். பிறகு தினமும் சிறிது சிறிதாக விஷம் சாப்பிட்டு உடம்பைப் பழக்கவும் ஆரம்பிக்கிறாள். இத்தனை பாடுபட்டால்தான் அந்த உலகத்தில் ஒரு நாள் ஓட்ட முடியும் என்பது ஒரு வரி விளக்கம் இல்லாமலே நமக்குப் புரிந்துவிடுகிறது.

இரண்டாம் பாகத்தின் முடிவு இந்த விதியால்தான் நிற்கிறது. அரசன் கார்டனும் ஜூட்டும் ரகசியமாக மணந்துகொள்கிறார்கள். அவன் தனக்குக் கட்டுப்பட வேண்டும் என்று முன்பு வாங்கிய சத்தியத்திலிருந்து அவள் அவனை விடுவிக்கிறாள். அடுத்த கொஞ்ச நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவன் அவளை நாடு கடத்துகிறான். கிரீடம் மன்னிக்கும் வரை அவள் ஃபேரி நாட்டில் கால் வைக்கக் கூடாது, வைத்தால் உயிர் போகும் என்பது உத்தரவு. ஜூட் துரோகம் என்று நினைக்கிறாள், வாசகரும் அப்படியே நினைப்பார். ஆனால் ஃபேரிக்குப் பொய் வராது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். 'நான் மன்னிக்கும் வரை' என்று அவன் சொல்லவில்லை. 'கிரீடம்' என்றான். அவள் அரசியாகிவிட்டாள், ஆகவே கிரீடம் என்பதில் அவளும் அடக்கம். தன்னைத் தானே மன்னித்துக்கொண்டு அன்றைக்கே திரும்பி வந்திருக்கலாம். மூன்றாம் பாகம் வரும் வரை வாசகர்கள் பத்து மாதம் காத்திருந்தார்கள். அந்தப் பத்து மாதமும் விடை கையிலிருந்த புத்தகத்திலேயே இருந்தது. நிபந்தனையை மதிக்கிற ஆசிரியரிடம் கிடைக்கும் சுகம் இது. ஒவ்வொரு வசனத்தையும் வக்கீல் பத்திரம் படிப்பது போல நிறுத்திப் படிக்கத் தோன்றும்.

மூன்றாம் பாகம் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. கார்டன் சாபத்தால் பாம்பாகிறான். அவனை அடக்கி ஆள ஒரு கடிவாளம் ஜூட்டின் கைக்கு வருகிறது. முதல் பாகத்தில் சத்தியம் வாங்கி அவனை ஆட்டிவைத்தவள், இங்கே கடிவாளத்தை விட்டுவிட்டு வாளை எடுக்கிறாள். அந்த முடிவு சரி, மிகச் சரி. அடுத்த பக்கத்திலேயே அவன் முழு ஆளாக எழுந்து வந்துவிடுவதுதான் வேகம் கூடிப்போன இடம். அவனை இழந்தவளாக அவளை இன்னும் ஓர் அத்தியாயமாவது உட்கார வைத்திருக்கலாம்.

நிபந்தனையைத் தளர்த்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதைக் கொண்டு தளர்த்துகிறார்கள் என்பதுதான் கேள்வி. 'ஷிவர்' முடிவைப் பாருங்கள். கிரேஸ் சிறு வயதில் ஓநாயிடம் கடி வாங்கியவள், ஆனாலும் அவள் உருமாறவில்லை. ஏன்? கடித்த சில நாட்களில் அவள் அப்பா அவளைக் கொதிக்கும் காருக்குள் மறந்து விட்டுப் போயிருந்தார். அந்தச் சூடு அவளுக்குள் இருந்த ஓநாயை எரித்துவிட்டது. குளிர் நோயென்றால் சூடு மருந்து. அதனால் மூளைக்காய்ச்சல் வந்தவரின் ரத்தத்தை ஏற்றிக் காய்ச்சலை வரவழைத்துப் பார்க்கிறார்கள். ஜாக் என்ற பையன் செத்துப்போகிறான், சாம் பிழைக்கிறான். விதிக்குள்ளிருந்தே தீர்வு பிறக்கிறது, அதற்கு ஓர் உயிரும் போகிறது. இதை ஏற்க எனக்குத் தயக்கமே இல்லை. அடுத்தடுத்த பாகங்களில், 'லிங்கர்' (2010) தொடங்கி, வெப்பநிலைதான் காரணமா என்றே கோல் என்ற புதுப் பாத்திரம் சந்தேகம் கிளப்புகிறான். அவன் பாத்திரம் அருமை. ஆனால் தலைப்பில் அச்சாகும் எண்ணுக்கு முன்பிருந்த பயம் போய்விட்டது. அதனால் 'ஷிவர்' ஒன்றோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை என்பேன்.

இப்போது ஸ்டெஃபனி மேயர். 'ட்வைலைட்' (2005) இல்லாமல் இந்த வகைக்குப் புத்தகக் கடையில் தனி அலமாரியே வந்திருக்காது. அதற்கு முன் யாரும் எழுதவில்லை என்று அர்த்தமில்லை. எல். ஜே. ஸ்மித்தின் 'தி வாம்பயர் டைரீஸ்' 1991ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஆனால் பள்ளி மாணவி, ரத்தம் குடிக்கும் வாம்பயர், மழை ஊர் என்ற அச்சை வார்த்தவர் மேயர்தான். வாஷிங்டன் மாநிலத்து ஃபோர்க்ஸ் நிஜ ஊர். எப்போதும் மேகம் மூடிக் கிடக்கும் ஊர் என்பதால் பகலிலும் வாம்பயர் பள்ளிக்கூடம் போகலாம். கதைக்காக ஊரை வளைக்காமல் ஊருக்கேற்ப விதியை அமைத்தது நல்ல வேலை.

மேயருக்கு வடிவம் தெரியாது என்று சொல்பவர்கள் 'நியூ மூன்' (2006) நாவலை மறுபடி திறக்க வேண்டும். நாயகி பெல்லாவை வாம்பயர் காதலன் எட்வர்ட் விட்டுப் போன பிறகு நான்கு பக்கங்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று பக்கத்துக்கு ஒரு மாதப் பெயர். வேறு ஒன்றுமே இல்லை. பதினேழு பதினெட்டு வயதில் ஒருவர் விட்டுப் போனால் நாட்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியாமல் இருக்குமே, அதைப் பத்துப் பக்கப் புலம்பலை விட அந்த வெற்றுத்தாள் சரியாகச் சொல்கிறது.

கோளாறு 'பிரேக்கிங் டான்' (2008) நாவலில் வருகிறது. அதற்கு முந்தைய மூன்று பாகங்களும் ஒரு விலைப்பட்டியலைப் பெல்லாவின் முன்னால் வைத்துக்கொண்டே வந்தன. வாம்பயர் ஆனால் குழந்தை கிடையாது. 'எக்லிப்ஸ்' (2007) நாவலில் எட்வர்டின் குடும்பத்து வாம்பயர் ரோசலி தன் கதையை முழுதாகச் சொல்லி, தான் இழந்தது என்ன என்று மன்றாடுவது இதைத்தான். அப்பாவைப் பார்க்க முடியாது. முதல் வருடம் முழுக்க ரத்த வெறி பிடித்துச் சுயநினைவு இல்லாமல் அலைய வேண்டும். ஓநாயாக உருமாறும் நண்பன் ஜேக்கப்பை இழக்க வேண்டும். நான்காம் பாகத்தில் இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாக அடித்துவிடுகிறார். உருமாறுவதற்கு முன்பே கர்ப்பம், குழந்தை. உருமாறிய சில நாட்களிலேயே அப்பா வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறார். ரத்த வெறி பெல்லாவுக்கு மட்டும் கட்டுக்குள் இருக்கிறது. ஜேக்கப் பிறந்த குழந்தையின் மேல் 'இம்ப்ரின்ட்' ஆகி (பார்த்ததுமே விலக முடியாத பந்தம் விழுந்து) குடும்பத்தோடு ஒட்டிக்கொள்கிறான். கடைசியில் வாம்பயர்களை ஆளும் வோல்டூரி கூட்டம் படையோடு வந்து பேசிவிட்டுத் திரும்பிப் போகிறது. பிரசவத்தில் உடம்பு உடைந்த வலியைத் தவிர, மூன்று பாகங்களாகச் சொல்லிவந்த இழப்பு எதையும் பெல்லா அனுபவிக்கவில்லை. அப்படியானால் ரோசலியின் கண்ணீருக்கு என்ன மதிப்பு? பெல்லா நன்றாக இருக்கிறாளே என்று கோபப்படுகிறேன் என எண்ண வேண்டாம். மூன்று தடிப் புத்தகங்கள் நம்மை நம்ப வைத்ததை நான்காவது புத்தகம் கைவிட்டதுதான் என் வருத்தம்.

இம்ப்ரின்ட், விதித்த இணை, ஆன்ம பந்தம் என்று பெயர் எதுவானாலும் இந்த உத்தியைப் பற்றி எனக்கு ஒரே எண்ணம்தான். கதை முடிச்சு அவிழாதபோது ஆசிரியர் அதை எடுத்து வைக்கிறார். இருவர் ஒருவரையொருவர் தேர்ந்தெடுப்பதுதான் காதல் கதையின் உயிர். உடம்பில் முன்பே எழுதி வைத்திருக்கிறது என்றால் தேர்ந்தெடுப்பது எங்கே? பந்தம் இருந்தும் ஒருத்தி வேண்டாம் என்று சொல்ல முடிகிற உலகமாக அமைத்தால் இந்த உத்திக்கும் உயிர் வரும். அப்படி அமைப்பவர்கள் குறைவு.

ஃபோர்க்ஸ் நிஜம் என்றேன். நாவலில் ஜேக்கப்பின் இனமாக வரும் குவிலூட் பழங்குடியும் நிஜம். லா புஷ் என்ற கடலோரக் குடியிருப்பில் வாழ்கிறார்கள், தங்கள் முன்னோர் ஓநாயிலிருந்து மனிதரானவர்கள் என்ற தொல்கதை அவர்களுக்கு உண்டு. நாவலில் வரும் உருமாற்றமும் வாம்பயர்ப் பகையும் மேயர் சேர்த்தவை. சியாட்டிலில் உள்ள பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து எது அவர்கள் கதை, எது நாவல் என்று பிரித்துக் காட்டும் பக்கம் ஒன்றை வெளியிட்டது. 'ட்வைலைட்' படிக்கிற எவரும் அதையும் ஒரு முறை படிக்க வேண்டும். உயிரோடு இருக்கும் சமூகத்தின் பெயரை நாவலில் அப்படியே வைப்பது, கற்பனைக் குலம் ஒன்றை உண்டாக்குவதை விடப் பல மடங்கு பொறுப்பான காரியம்.

முக்கோணக் காதலுக்கு வருவோம். இந்த வகையில் அதிகம் கெட்டுப்போகும் உறுப்பு இதுதான். வழக்கமாக நடப்பது, ஒருவன் பாதுகாப்பானவன், ஒருவன் ஆபத்தானவன், யாரைத் தேர்வாள் என்பது 50ஆம் பக்கத்திலேயே தெரியும், மீதி 350 பக்கமும் இழுவை. கசான்ட்ரா கிளேரின் 'தி இன்ஃபர்னல் டிவைசஸ்' முத்தொகுதி (2010, 2011, 2013) இதைச் சரியாகச் செய்தது. 1878ஆம் ஆண்டு லண்டன். வில், ஜெம் இருவரும் 'பாரபடாய்', அதாவது சத்தியம் செய்து பிணைந்த போர்த் தோழர்கள். ஜெம்முக்கு யின் ஃபென் என்ற பேய்மருந்துப் பழக்கம். நிறுத்தினால் சீக்கிரம் சாவு, தொடர்ந்தால் மெதுவாகச் சாவு. வில் தன்னை நேசிக்கிற எவரும் செத்துப்போவார்கள் என்று நம்புகிறவன். பன்னிரண்டு வயதில் ஒரு பேய் அப்படிச் சொன்னது, அக்காவும் செத்தாள். அதனால் எல்லோரிடமும் வேண்டுமென்றே கொடூரமாக நடக்கிறான்.

இரண்டாம் பாகமான 'கிளாக்வொர்க் பிரின்ஸ்' நாவலில் அந்தச் சாபம் பொய் என்று அவனுக்குத் தெரிகிறது. ஐந்து வருடம் எல்லோரையும் விரட்டியது வீண். ஓடிப் போய் நாயகி டெஸ்ஸாவிடம் தன் காதலைச் சொல்கிறான். அவள் சற்று முன்புதான் ஜெம்மை மணக்கச் சம்மதித்திருக்கிறாள். இந்தக் காட்சியில் கெட்டவர் யாருமில்லை, அதனால்தான் அது அப்படி வலிக்கிறது. வில் ஜெம்மை வெறுத்திருந்தால் இது சாதாரணப் போட்டியாகியிருக்கும். ஜெம்மை அவன் தன் உயிராக நினைக்கிறான், ஆகவே வாயைத் திறக்க முடியாது. முக்கோணம் நிற்க வேண்டுமானால் மூன்றாவது கோடும் வேண்டும். இரண்டு ஆண்களுக்கும் நடுவே உள்ள கோடு. பெரும்பாலான புத்தகங்களில் அந்த மூன்றாவது கோடு இருப்பதே இல்லை.

இதன் முடிவைப் பற்றி வாசகர்கள் இன்றும் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். டெஸ்ஸா வில்லோடு வாழ்ந்து, 1937ஆம் ஆண்டு அவனைப் பறிகொடுத்து, சாவைத் தவிர்க்க மௌனச் சகோதரர் என்ற துறவியாகிப் பின் மறுபடி மனிதனான ஜெம்மை 2008ஆம் ஆண்டு லண்டனின் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தில் சந்திக்கிறாள். இருவரையும் அடைந்துவிட்டாளே, இது ஏமாற்று என்பது ஒரு கட்சி. நான் மற்ற கட்சி. சாகாத உடம்போடு 130 வருடம் வாழ்ந்து, கணவனைப் புதைத்து, பாலத்தில் வருடத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஜெம்மைப் பார்த்துப் பேசிக் காத்திருந்தவள் அவள். அது இலவசமாகக் கிடைத்ததல்ல.

அதே கிளேரின் முந்தைய வரிசை 'தி மார்ட்டல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' (2007 முதல் 2014 வரை ஆறு பாகங்கள்) எனக்குச் சங்கடமானது. முதல் பாக முடிவில் கிளேரியும் ஜேஸும் அண்ணன் தங்கை என்று சொல்லப்படுகிறது. மூன்றாம் பாகத்தில்தான் அது பொய்யென்று உடைகிறது. தவறான தகவலை நிபந்தனையாக வைத்தால் வரும் சிக்கல் இதுதான். அது உண்மையில்லை என்று வாசகருக்கு உள்ளூரத் தெரியும், அதனால் பயம் வராது, அருவருப்பு மட்டும் இரண்டு பாகம் தங்கும். வில்லின் சாபமும் பொய்தானே என்று கேட்கலாம். வித்தியாசம் உண்டு. அந்தப் பொய் அவன் குணத்தையே செதுக்கிவிட்டது, உண்மை தெரிந்த பிறகும் இழந்ததை மீட்க முடியவில்லை. இங்கே உண்மை வந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது.

மாயம் எதுவுமில்லாத நிபந்தனை ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கணக்கில் இந்த அலமாரியிலேயே ஆழமான காதல் அதில்தான் இருக்கிறது. லீ பார்டுகோவின் 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' (2015), 'க்ரூக்கெட் கிங்டம்' (2016). கெட்டர்டாம் துறைமுகத்துத் திருட்டுக் கும்பலின் தலைவன் காஸ், வயது 17. எப்போதும் கையுறை. கொள்ளைநோயில் செத்த அண்ணனின் பிணத்தைப் பற்றிக்கொண்டு தண்ணீரில் நீந்திக் கரையேறியவன். அன்றிலிருந்து மனிதத் தோல் பட்டாலே உடம்பு பதறும். அதே கும்பலில் இருக்கும் இனேஜ் விலைமாதர் விடுதியில் அடைத்து வைக்கப்பட்டிருந்தவள், அவளுக்கும் தொடுகை என்றால் ரணம். இரண்டாம் பாகத்தில் அவளுக்குக் காயம். காஸ் கையுறையைக் கழற்றிவிட்டுப் பழைய கட்டை அவிழ்த்துப் புதுக் கட்டுப் போடுகிறான். ஒவ்வொரு நொடியும் பிண வாடையும் கடல் நீரும் அவன் நினைவில் ஏறுகின்றன. அவள் பொறுத்திருக்கிறாள். பெரும்பாலும் அவ்வளவுதான் காட்சி. இரண்டு புத்தகங்கள் முடியும் வரை அவர்களுக்குள் உதட்டோடு உதடு சேரும் முத்தம் ஒன்றுகூடக் கிடையாது. கடைசியில் துறைமுகத்தில் கையுறையில்லாத கையை அவள் பிடிக்கும்போது, வேறு நாவலில் பத்து முத்தத்தில் வராத நிறைவு வருகிறது.

முத்தம் என்றதும் ஸ்டீஃப்வாட்டரின் 'தி ரேவன் பாய்ஸ்' (2012) நினைவுக்கு வராமல் இராது. குறி சொல்லும் பெண்கள் நிறைந்த வீட்டில் பிறந்த ப்ளூவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரே வாக்குதான். உண்மையாகக் காதலிப்பவனை முத்தமிட்டால் அவன் சாவான். நான்கு பாகம், நான்கு வருடம், இந்த ஒற்றை வரியைக் காப்பாற்றினார். இரண்டாம் பாகமான 'தி ட்ரீம் தீவ்ஸ்' நாவலில் முத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ப்ளூ நோவாவை முத்தமிடுகிறாள். நோவா ஆவி, ஏற்கெனவே செத்தவன், மறுபடி சாக முடியாது. விதியை மீறாமல் விதியின் இடுக்கில் புகுந்து எழுதிய காட்சி. வேடிக்கையாகத் தொடங்கி, முடியும்போது தொண்டையை அடைத்துவிடும். 'தி ரேவன் கிங்' (2016) முடிவில் முத்தம் நடக்கிறது, அவள் காதலிக்கும் கேன்ஸி சாகிறான், காப்ஸ்வாட்டர் என்ற மாயக்காடு தன்னையே கொடுத்து அவனை மீட்கிறது. அந்த அத்தியாயங்கள் அவசரமாக ஓடுகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காடு போய்விட்டது, திரும்பவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத்தான் வாங்கினார்கள்.

சாகாத நாயகனின் வயது பற்றியும் பேசியாக வேண்டும். எட்வர்ட் 1918 ஃப்ளூ காய்ச்சலில் சாகக் கிடந்தபோது உருமாற்றப்பட்டவன், பிறந்தது 1901. கதை வெளிவந்த 2005 கணக்குப்படி 104 வயது. எண் எனக்குத் தடையில்லை. அந்த நூறு வருடம் அவன் பேச்சில், பழக்கத்தில், சலிப்பில் தெரிகிறதா என்று பார்ப்பேன். பெல்லா தூங்குவதை அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து பார்ப்பதைக் காதலின் ஆழமாகக் காட்டுவது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பதினான்கு வயதுப் பிள்ளை படிக்கும் புத்தகத்தில், அனுமதி கேட்காமல் நுழைவதைப் பாத்திரங்களில் ஒருவராவது தவறென்று சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் கிறிஸ்டின் கஷோரின் 'கிரேஸ்லிங்' (2008) நல்ல மாற்று. நாயகன் போ தன்னைப் பற்றி மற்றவர் நினைப்பதை உணரும் வரம் பெற்றவன். அது தெரிந்ததும் நாயகி கட்ஸா கொதித்துப்போகிறாள், என் மனதுக்குள் யாரைக் கேட்டு வந்தாய் என்று. அந்தச் சண்டையைத் தீர்த்த பிறகுதான் காதல் நகர்கிறது. அவள் கடைசி வரை கல்யாணம் வேண்டாம் என்பதில் உறுதி, கதையும் அவளைத் திருத்தப் பார்க்கவில்லை.

வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கும் அக்காமார்களுக்கும் ஒரு செய்தி. அட்டையில் 'யங் அடல்ட்' (பதின்வயதினருக்கானது) என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015ஆம் ஆண்டு அந்த அலமாரியில்தான் வந்தது. 2020ஆம் ஆண்டு புது அட்டையோடு பெரியவர்கள் பகுதிக்கு மாற்றினார்கள். பழைய பதிப்பு இன்னும் பழைய புத்தகக் கடைகளில் சுற்றுகிறது. இரண்டாம் பாகத்திலிருந்து படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையானவை, 13 வயதுக்கு ஏற்றதல்ல. டிராகன் படம் போட்ட அட்டைகளிலும் இதே குழப்பம் உண்டு. நாயகிக்கு 19, 20 வயது, வெளியீட்டாளர் குறிப்பில் 'நியூ அடல்ட்' அல்லது 'ரொமான்டஸி' (காதலும் ஃபேன்டஸியும் கலந்தது) என்று இருந்தால் அது பெரியவர்களுக்கானது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாயகிக்கு 15 முதல் 18 வரை, கதை பள்ளி வயது அனுபவத்தோடு நிற்கிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை.

புதிய ஆசிரியரை எடுக்கும்போது நான் முதல் 50 பக்கத்துக்குள் பார்ப்பவை மூன்று. காதலன் வருவதற்கு முன்பே அவளுக்கு வேறு ஏதாவது வேண்டுமாயிருக்கிறதா? ஜூட்டுக்கு அரசவையில் வீரராக வேண்டும், கட்ஸா ரகசிய சபை நடத்துகிறாள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் அவன் வந்த பிறகு அவளுக்கு அவனைத் தவிர வேலை இருக்காது. இரண்டாவது, நிபந்தனையை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா. முடியவில்லை, மூன்று பத்தி விளக்கம் தேவைப்படுகிறது என்றால் கடைசியில் அதை வளைக்க இடம் விட்டு வைத்திருக்கிறார்கள் என்று பொருள். மூன்றாவது, இருவரும் தங்களைப் பற்றி இல்லாமல் வேறு எதையாவது பற்றிப் பேசிக்கொள்கிறார்களா. 100ஆம் பக்கம் வரை கண்ணையும் மூச்சையும் பற்றியே பேச்சென்றால் புத்தகத்தை மூடிவிடலாம்.

வாசிப்பு வரிசை. இந்த வகைக்கே புதியவர், வரிசை வரிசையாக வாங்கப் பொறுமையில்லை என்றால் ஸ்டீஃப்வாட்டரின் 'தி ஸ்கார்பியோ ரேசஸ்' (2011) ஒன்றே போதும், தனி நாவல். திஸ்பி என்ற தீவில் கடலிலிருந்து ஆளைத் தின்னும் குதிரைகள் கரையேறும், நவம்பர் முதல் தேதி அவற்றின் மேல் ஏறிப் பந்தயம். நாயகி பக்குக்கு வீட்டைக் காப்பாற்ற வேண்டும், நாயகன் ஷானுக்குத் தன் குதிரையைச் சொந்தமாக்க வேண்டும், ஜெயிப்பது ஒருவர்தான். சாபமும் இல்லை, வாக்கும் இல்லை, பந்தயமே நிபந்தனை. அதற்கும் முந்தைய சுவை வேண்டுமென்றால் டயானா வின் ஜோன்ஸின் 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' (1986). மந்திரவாதி ஹவுலுக்கும் நெருப்புப் பூதம் கால்சிஃபருக்கும் ஒரு ஒப்பந்தம், அதன் ஷரத்தை இருவரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது, நாயகி சோஃபி தானே கண்டுபிடிக்க வேண்டும். குறிப்புகள் எல்லாம் திறந்த இடத்தில் கிடக்கும்.

பார்டுகோவை 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' நாவலிலேயே தொடங்கலாம், கதை புரியும். முந்தைய 'ஷேடோ அண்ட் போன்' (2012) வரிசையின் முடிவு மட்டும் அங்கங்கே வெளிப்பட்டுவிடும், அதைப் பிறகு படிக்க எண்ணம் இருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள். முதல் இரண்டு அத்தியாயங்களில் ஊர்ப் பெயர், நாணயம், கும்பல் பெயர் எல்லாம் ஒன்றாகக் கொட்டும். முன்பக்க வரைபடத்தை விரலால் பிடித்துக்கொண்டு 60 பக்கம் தள்ளினால் பிறகு தானாக ஓடும். கிளேரை வெளிவந்த ஆண்டு வரிசையில் படிப்பதுதான் சரி. 'சிட்டி ஆஃப் போன்ஸ்', 'சிட்டி ஆஃப் ஆஷஸ்', 'சிட்டி ஆஃப் கிளாஸ்', பிறகு 'கிளாக்வொர்க் ஏஞ்சல்', அதன் பின் இரண்டு வரிசையும் மாறி மாறி வரும். 'கிளாக்வொர்க் பிரின்சஸ்' கட்டாயம் 'சிட்டி ஆஃப் ஹெவன்லி ஃபயர்' நாவலுக்கு முன்னால். மாற்றிப் படித்தால் பாலத்தில் யார் வருவார் என்பது முன்பே தெரிந்துவிடும். ஹோலி பிளாக்குக்கு வரிசைச் சிக்கல் இல்லை, மூன்றும் ஒன்றன் பின் ஒன்று. இரண்டாவதை முடிக்கும் இரவில் மூன்றாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஆனால் திறப்பதற்கு முன் அந்த நாடு கடத்தும் உத்தரவை இன்னொரு முறை, சொல் சொல்லாகப் படித்துவிடுங்கள்.